மறு: சூடோரேஞ்ச் – ‘பிழைசேர் தொலைவு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செயற்கைக்கோளுக்கும் நமக்கும் உள்ள தொலைவைக் கைபேசி அளக்கும்போது, பிழையும் கலந்து கிடைக்கும் தொலைவுக்கு ஆங்கிலத்தில் சூடோரேஞ்ச் (pseudorange) என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் மும்பை நண்பர் முன்வைத்த ‘போலித்தொலைவு’ எனக்கு ஒப்பவில்லை. அகராதிப்படி அது சரிதான். ஆனால் போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்று நாம் சொல்வதெல்லாம் தூக்கியெறிய வேண்டியவை. இந்தத் தொலைவை யாரும் எறிவதில்லை. கைபேசி நம் இடத்தைக் கண்டுபிடிப்பதே இதை வைத்துத்தான்.

ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறது, சமிக்ஞை எப்போது கிளம்பியது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஜிபிஎஸ் கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து சமிக்ஞை நம் கைக்கு வந்துசேர வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. வந்த நேரத்திலிருந்து கிளம்பிய நேரத்தைக் கழித்து, ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைத்துவிடும். சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. கோளில் இருப்பது அணுக் கடிகாரம், நம் கையில் இருப்பது மலிவான குவார்ட்ஸ். அது ஒரு மில்லிவினாடி பிசகினால் தொலைவு 300 கி.மீ. பிசகும், ஏறக்குறைய பெங்களூருக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் உள்ள தூரம். நல்லவேளையாக, ஒரே கணத்தில் அளக்கும்போது அந்தப் பிசகு எல்லாக் கோள்களுக்கும் ஒரே அளவுதான். ஆகவே அதையும் தெரியாத எண்ணாக வைத்து, நான்காவதாக ஒரு கோளைச் சேர்த்துக்கொண்டு, நான்கு சமன்பாடுகளில் தீர்த்துவிடுகிறார்கள். இடத்துக்கு மூன்று எண், நேரத்துக்கு ஒன்று. பிழை இருப்பது தெரிந்தே அளந்து, பிறகு அந்தப் பிழையையே கணக்கிட்டு வெளியே எடுப்பது! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். போலி என்ற சொல் இந்த அழகை மூடிவிடுகிறது.

தில்லி நண்பரின் ‘மொத்தத் தொலைவு’ நல்ல யோசனை. மொத்த எடை, நிகர எடை எல்லோருக்கும் தெரியும்; பிழையையும் டப்பாவின் எடைபோலக் கழித்துக்கொள்ளலாம் என்று புரியும். ஆனால் டப்பாவின் எடை எப்போதும் கூடத்தான் செய்யும். கடிகாரமோ முந்தியும் ஓடும், பிந்தியும் ஓடும். பிந்தினால் அளந்த தொலைவு உண்மையைவிடக் குறைந்துவிடும். அப்புறம், மொத்தத் தொலைவு என்றதும் பயணத்தின் முழுத் தூரம்தான் நினைவுக்கு வரும்.

‘கடிகாரத் தொலைவு’ என்று வைத்தாலும் போதாது. பிழை கடிகாரத்தால் மட்டும் வருவதில்லையே. வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகிறது. இங்கே பெங்களூர் ஓசூர் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் கீழ் ஆட்டோவுக்காக நின்றால், தலைக்கு மேலுள்ள கோள்களைப் பாலம் மறைத்துவிடும். பக்கத்துக் கண்ணாடிக் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை 30 மீட்டர் சுற்றி வந்தால், அந்த 30 மீட்டரும் தொலைவில் சேரும். வரைபடத்தில் நீலப்புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். ஓட்டுநர் ‘எங்கே சார் இருக்கீங்க’ என்று போன் செய்வார். கோளின் கடிகாரமே கெடுவதும் உண்டு. ஜிபிஎஸ் போல இந்தியாவே அமைத்த நம் நாவிக் வரிசையில் 2013-இல் முதலில் ஏவிய ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ கோளின் மூன்று ரூபிடியம் அணுக் கடிகாரங்களும் பழுதாகி, இடங்காட்டும் பணிக்கு அது உதவாமல் போனது. அதே வரிசையில் 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01-இல் உள்நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் விண்ணுக்குப் போனது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

இவை அத்தனையும் அடங்க ‘பிழைசேர் தொலைவு’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. வினைத்தொகை என்பதால் பிழை சேர்ந்த, சேர்கிற, சேரும் தொலைவு என மூன்று காலத்துக்கும் பொருந்தும். இதற்கு எதிரில், கோளுக்கும் நமக்கும் உண்மையில் உள்ள இடைவெளியை ‘மெய்த்தொலைவு’ என்போம்.

அலசூர் வார இறுதி வகுப்புக்கான பாடக்குறிப்பில் இரண்டு வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். ‘கைபேசி குறைந்தது நான்கு கோள்களின் பிழைசேர் தொலைவுகளை அளக்கிறது.’ ‘ககன் அமைப்பு, பிழைசேர் தொலைவுகளுக்கான திருத்தங்களை விமானங்களுக்கு அனுப்புகிறது.’ (ககன் என்பது ஜிபிஎஸ் பிழைகளுக்குத் திருத்தம் தரும் இந்திய அமைப்பு.) வாய்விட்டுப் படிக்கத் தடங்கல் இல்லை. இரண்டாவது வாக்கியத்தில் ‘போலித்தொலைவுகளுக்கான திருத்தங்கள்’ என்று போட்டு நீங்களே படித்துப் பாருங்கள்.

‘பிழைசேர்’ சேர்த்தே எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்து மல்டிபாத்தை, அதாவது கட்டடங்களில் பட்டுச் சமிக்ஞை பல வழிகளில் வந்துசேர்வதை, எடுத்துக்கொள்ளலாம். ‘பல்வழி வரவு’ சரிவருமா?