மறு: மறு: பிக்கப்புக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மா. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எலக்ட்ரிக் கிட்டாரைப் பாகம் பாகமாக வாங்கித் தாமே பூட்டிப் பார்க்க விரும்பும் புதியவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அவசரத்துக்கு முதல் சில பக்கங்களை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டேன். "கழுத்தை உடலில் வைத்து நான்கு திருகாணிகளால் இறுக்கவும், பிறகு கொட்டையைக் கழுத்தில் ஒட்டவும்" என்று வந்தது. மூடிவைத்துவிட்டேன்.

நட், கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், அதன்மேல் இருக்கும் சேடில், கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப், மரத்துக்குக் கடைசியில் செய்யும் ஃபினிஷ். இவற்றுக்கு என்ன எழுதுவது? நட்தான் மிக அவசரம். கையேட்டில் அந்த ஒரே சொல் மூன்று பொருளுக்கு வருகிறது: கம்பிகள் அமரும் பள்ளங்கள் வெட்டிய சிறு துண்டு, ஒலிபெருக்கி வயரைச் செருகும் ஜாக்கை இறுக்கும் அறுகோண நட், கழுத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பியின் நுனியில் உள்ள நட். "நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தவும்" என்பதைப் படித்துவிட்டுப் புதியவர் எதைப் போய்த் திருகுவாரோ!

இந்தப் பயம் அனுபவத்தில் வந்தது. நானும் ஒரு கிட்டாரைப் பூட்டினேன். சாயம் உடலின் ஒரு பாதியில் பிடித்தது, மறுபாதியில் வாழையிலைத் தண்ணீராக ஓடியது. அங்கே ஏற்கெனவே ஓர் அடைப்புப் பூச்சு தடவியிருந்தார்கள். அதைத் தேய்த்து எடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது. கழுத்து அமரும் குழிக்குள்ளும் வண்ணம் அடித்துவிட்டேன். கழுத்து இறங்க மறுத்தது. எல்லாம் முடிந்து ஒலிபெருக்கியில் செருகினால் இப்போது விடாமல் உறுமுகிறது. அது வேறு கதை.

மா.

சே. எழுதியது:

இதில் பாதிச் சொற்களை நீங்கள் புதிதாக ஆக்கவே வேண்டாம். வீணை செய்கிறவர்களைக் கேட்டால் போதும். ஃபிரெட் என்பது மெட்டு. வீணையில் 24 மெட்டு, மெழுகின்மேல் வைத்திருப்போம். கிட்டாரில் கீறிய காடிக்குள் அடித்து இறக்குகிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. கழுத்து தண்டி. கம்பியை முறுக்குவது பிருடை. பிரிட்ஜ் குதிரை. உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் நட், மேரு. மற்ற இரண்டு நட்டும் நட்டாகவே இருக்கட்டும். இனி ஒன்றோடு ஒன்று குழம்பாது.

சே.

க. எழுதியது:

அம்மையார் அவர்களுக்கு வணக்கம். மேரு வடசொல். அதை விட்டுவிடுகிறேன், வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. ஆனால் மெட்டு என்பதை ஏற்பதற்கில்லை. "மெட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்று எழுதினால் படிப்பவன் பாட்டைக் குறைசொல்கிறார்கள் என்று நினைப்பான். நம்மிடம் திவவு என்ற அழகான சொல் இருக்கிறது. பொருநராற்றுப்படையில் யாழைச் சொல்லுமிடத்தில், கரிய பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையல்போல் கோட்டின்மேல், அதாவது யாழின் தண்டின்மேல், திவவு இருந்தது என்று வருகிறது. ஒரு கிட்டாரின் கழுத்தைப் பாருங்கள். முன்கை, வளையல். இதற்குமேல் சான்று வேண்டுமா?

அதே இடத்தில் ஆணிக்கு ஓர் உவமை உண்டு. வளைக்குள் வாழும் நண்டின் கண்போலத் துளையின் வாயை அடைத்திருக்கிறதாம். மரத்தில் துளையிட்டு ஆணி இறக்கிய எவனும் அதைப் படித்தால் சிரிப்பான். அந்தப் புலவர் தச்சன் பட்டறையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் துணிபு.

க.

சே. எழுதியது:

ஐயா, உவமை அழகு, பொருள் இடிக்கிறது. அந்த யாழ் வளைந்த கோட்டு யாழ். நரம்புகள் வெட்டவெளியில் நிற்கும். விரலால் அழுத்துவதற்கு அடியில் ஒன்றும் கிடையாது. திவவு நரம்பைக் கோட்டோடு பிணிக்கும் கட்டு. பார்வைக்கு வளையல், வேலையில் முடிச்சு. திவவு என்று எழுதினால் "கம்பியைத் திவவில் அழுத்துக" என்றாகும். முடிச்சில் அழுத்தினால் என்ன ஒலி வரும்?

மெட்டு என்பதைப் பாட்டோடு யாரும் குழப்பப்போவதில்லை. "12ஆம் மெட்டில் அழுத்துக" என்றால் பாட்டு நினைவுக்கு வருமா?

சே.

ப. எழுதியது:

குதிரை என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். பிரிட்ஜின்மேல் கம்பி அமரும் சிறு துண்டுக்கு ஆங்கிலத்திலேயே சேணம் என்றுதான் பெயர். அவர்கள் பாலத்தின்மேல் சேணம் போட்டார்கள். நம்மிடம்தான் அது குதிரையின்மேல் இருக்கிறது! பிரெஞ்சுக்காரர்களும் வயலினில் இதைச் 'செவலே' என்பார்கள், 'குட்டிக் குதிரை' என்பதில் பிறந்த சொல். ஆனால் எலக்ட்ரிக் கிட்டாரில் ஒரு குதிரைக்கு ஆறு சேணம். இதை எப்படி விளக்கப்போகிறீர்கள்?

ப.

ந. எழுதியது:

கம்பிக்கு ஒரு சேணம். அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. அந்த ஏற்றம் கம்பிக்குக் கம்பி வேறு. 648 மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பிக்கு 12ஆம் மெட்டு நடுவில், 324இல் இருக்கும். அங்கே அழுத்தி மீட்டினாலும், அழுத்தாமல் விரல் பட்டும் படாமலும் மீட்டினாலும் ஒரே சுருதி வரவேண்டும். வராவிட்டால் அந்தக் கம்பியின் சேணத்தை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஆகவே ஆறு சேணம் நியாயம்தான். சேணம் எந்த மொழிச் சொல் என்று மட்டும் யாரும் இப்போது கேட்காதீர்கள்.

கழுத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பிக்கு முட்டுக்கம்பி என்று போடலாம். கம்பிகளின் இழுவையில் தண்டி வளையாமல் முட்டுக்கொடுப்பதுதான் அதன் வேலை.

ந.

மா. எழுதியது:

முட்டுக்கம்பி, குதிரை, சேணம், மேரு, தண்டி, மெட்டு. எடுத்துக்கொண்டேன். நன்றி. திவவு விஷயத்தில் ஐயா மன்னிக்க வேண்டும். இனி பிக்கப்.

மா.

க. எழுதியது:

மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை, என் கருத்து மாறவும் இல்லை. பிக்கப்புக்கு ஒலியேற்பி. ஒலிவாங்கி என்ற சொல்லை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், மைக்குக்கு அது நிலைபெற்றுவிட்டது. அதன் தம்பி இது.

க.

ந. எழுதியது:

தம்பி அல்ல ஐயா, அடுத்த தெருப் பையன். மைக் காற்றில் வரும் ஒலியை வாங்குகிறது. பிக்கப் ஒலியைக் கேட்பதே இல்லை. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுச் சுற்றியிருக்கிறார்கள். மேலே எஃகுக் கம்பி அசைந்தால் காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்டது இதுதான். நைலான் கம்பி போட்டு மீட்டிப் பாருங்கள். உங்கள் காதுக்குக் கேட்கும், பிக்கப்புக்குக் கேட்காது. ஒலியேற்பி என்று பெயர் வைத்தால் நைலான் கம்பி போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று ஒருவர் மா.வுக்குக் கடிதம் எழுதுவார்.

அதிர்வுணரி என்று வைக்கலாம். அதிர்வு + உணரி, குற்றியலுகரம் கெட்டு அதிர்வுணரி.

ந.

க. எழுதியது:

காந்தவியலை உங்களிடம் கற்றுக்கொள்கிறேன், இலக்கணத்தை என்னிடம் விடுங்கள். வகரம் வல்லினம் அல்ல. அதிர்வு என்பதன் ஈற்றில் இருப்பது முற்றியலுகரம். அதுவும் சில இடங்களில் கெடும் என்று நன்னூல் இடம் தருவதால் உங்கள் சொல் தப்பித்தது. விதி தவறு, விடை சரி.

ஆனால் நீங்கள் சொன்ன விளக்கப்படியே அதிர்வுணரியும் பொருந்தாதே! நைலான் கம்பியும் அதிரத்தானே செய்கிறது? அதை அது ஏன் உணரவில்லை?

க.

ந. எழுதியது:

ஐயா சொல்வது சரி. ஒத்துக்கொள்கிறேன். மரத்தின் அதிர்வையே நேரடியாக உணரும் பீசோ வகை வேறு இருக்கிறது, அதற்குத்தான் அதிர்வுணரி பொருந்தும். அப்படியானால் காந்தவாங்கி?

ந.

ப. எழுதியது:

காந்தம் வாங்கிக்கொண்டு வருகிறவன் என்று படிக்கிறேன். பழந்தமிழில் வாங்குதல் என்றால் வளைத்தலும் ஆகும்; வில்லை வாங்கினான் என்பார்கள். அப்படிப் பார்த்தால் காந்தத்தை வளைப்பவன்.

பிக்கப்பைப் பிக்கப் என்றே விடுங்கள். கையேட்டைக் கையில் வைத்திருப்பவர் பாகம் கெட்டுப்போனால் கடையில் போய் என்ன கேட்பார்? பெயர் துல்லியமாக இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. 1954இல் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வந்தபோது, குதிரையை ஆட்டிச் சுருதியை அசைக்கும் கைப்பிடியை 'டிரெமலோ' என்றார்கள். டிரெமலோ என்பது ஒலியின் அளவு கூடிக் குறைவது. சுருதி அசைவதற்கு விப்ராட்டோ என்று பெயர். அதே ஃபெண்டர் ஒலிபெருக்கிகளில், அளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதிக்கு 'விப்ராட்டோ' என்று எழுதிவைத்தார்கள். இரண்டும் தலைகீழ். உலகம் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது.

நன்னூலின் அந்த ஒரு வரியை யாராவது எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.

ப.

க. எழுதியது:

அவர்கள் தவறாகப் பெயரிட்டால் நாமும் அந்தத் தவற்றைக் கடன் வாங்க வேண்டுமா? நல்ல வாதம்! திசைச்சொல்லுக்குத் தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. இடம் கொடுத்தார், மடம் பிடுங்கச் சொல்லவில்லை.

மா. அம்மா, அந்தப் பிக்கப்பில் வேறு வகைகள் உண்டா?

க.

மா. எழுதியது:

உண்டு ஐயா. ஒற்றைச்சுருள் என்று ஒன்று, ஹம்பக்கர் என்று ஒன்று. ஹம்பக்கரை 1955இல் செத் லவர் என்பவர் கிப்சன் நிறுவனத்தில் வடிவமைத்தார். இரண்டு சுருள்கள், எதிரெதிர்த் திசையில். காந்த முனைகளும் எதிரெதிர். கம்பியின் குறிப்பு இரண்டிலும் கூடுகிறது, மின்சாரக் கம்பிகளிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. அதனால் உறுமல் எதிர்ப்பி என்று எழுதியிருக்கிறேன். பிடிக்கவில்லை.

மா.

க. எழுதியது:

உறுமுவது புலி. நீங்கள் சொல்வது வண்டு. முரலுதல்! முரலடக்கி என்று எழுதுங்கள்.

க.

ந. எழுதியது:

வண்டு முரல்வது இனிமை, இது 50 ஹெர்ட்ஸ் எரிச்சல் என்று சொல்லலாமென்று வந்தேன். சொல்லிப் பார்த்தேன், முரலடக்கி வாயில் நன்றாக இருக்கிறது. தோற்றேன்.

ந.

ப. எழுதியது:

நானும். ஃபினிஷுக்கு வருவோம், அது என் தொழில். 'மெருகு' என்று எழுதாதீர்கள். மெருகு கடைசி நாளில் துணியால் தேய்த்து வருவது. 'பூச்சு' என்றும் எல்லா இடத்திலும் எழுதாதீர்கள். லாக்கர், பாலியூரத்தேன் இரண்டும் மரத்தின்மேல் படலமாக நிற்கும், அவை பூச்சு. டங் எண்ணெய் மரத்துக்குள் போய் அங்கேயே இறுகும். அது பூச்சில்லை, ஊட்டல். மரத்துக்கு எண்ணெய் ஊட்டுவது என்று எழுதினால் எந்தத் தச்சருக்கும் புரியும். சாயம் என்று மா. சொன்னது மிகச் சரி, துணிக்குச் சாயம் ஏறுவது போலத்தான் மரத்துக்கும் ஏறுகிறது. பெயிண்டோடு அதைச் சேர்க்கக்கூடாது.

உப்புத்தாளுக்கு 'மணல்தாள்' என்று புதிதாக ஆக்கிவைத்திருந்தால் அழித்துவிடுங்கள். 120ஆம் எண் தாளில் தொடங்கி 180, 240, 320 என்று ஏறிப் போகவேண்டும், எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே. குறுக்கே தேய்த்த கீறல் வெறும் மரத்தில் தெரியாது. சாயம் ஏறிய நிமிடம் பல்லைக் காட்டும். ஆஷ் மரம், மகோகனி போன்றவற்றில் கண்துளைகள் திறந்திருக்கும். அவற்றைப் பட்டி பார்த்து அடைக்காமல் லாக்கர் அடித்தால் பரப்பு அம்மை விழுந்த முகம்போல் நிற்கும். லாக்கர் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், நம்பாதீர்கள். சில வாரம் தொங்கவிட்ட பிறகுதான் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். இந்தப் பத்தியை அப்படியே கையேட்டில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ப.

க. எழுதியது:

பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கும் இடம். நீங்கள் சொல்வது ஆங்கிலப் 'புட்டி'.

க.

ப. எழுதியது:

தெரியும் ஐயா. பட்டறையில் பட்டிதான்.

ப.

மா. எழுதியது:

வியாழன் இரவு. முடித்தாக வேண்டும். பிக்கப் பற்றி வந்த மடல்களை எண்ணினேன்: பிக்கப்பையே விடச் சொன்னவர்கள் இருவர் (சே. எனக்குத் தனியே எழுதினார்), காந்தவாங்கி ஒருவர், ஒலியேற்பி ஒருவர். கையேட்டில் பிக்கப் என்றே எழுதி, முதன்முறை வருமிடத்தில் மட்டும் "கம்பியின் அசைவை மின்குறிப்பாக்கும் காந்தச் சுருள்" என்று ஒரு வரி விளக்கம் சேர்த்துவிட்டேன். முரலடக்கி இருக்கிறது. பிக்கப்பின் ஒரு வகைக்கு முரலடக்கி, பிக்கப்புக்குப் பிக்கப். ஒத்துவரவில்லைதான்.

மா.

க. எழுதியது:

என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். ஒலியேற்பி தவறென்றால் வேறு சொல் தேடியிருக்கலாம். தேடாமல் விட்டது களைப்பினால். திவவு பற்றியும் இன்னொரு நாள் எழுதுவேன், சே. அம்மையார் அதற்குள் என்னை மறந்திருக்கமாட்டார்.

அது போகட்டும். உங்கள் கிட்டார் உறுமுகிறது, மன்னிக்கவும், முரல்கிறது என்றீர்களே, என்ன ஆயிற்று?

க.

மா. எழுதியது:

நின்றுவிட்டது ஐயா. கம்பியைக் கையால் தொட்டாலும் குறையவில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைந்தது. ந. அவர்களைக் கேட்டேன், குதிரைக்கு அடியில் எர்த் கம்பி போகிறதா பாருங்கள் என்றார். போகவில்லை. துளைக்குள் சுருண்டு கிடந்தது. வெளியே இழுத்துக் குதிரைக்கு அடியில் வைத்து இறுக்கினேன்.

மா.

க. எழுதியது:

மகிழ்ச்சி. எர்த் கம்பியா? நிலத்தொடுப்பு என்று எழுதலாமே. அல்லது புவியிணைப்பு. தொடுப்பா இணைப்பா என்பதில் எனக்கு

(அடுத்த மடலில் தொடர்கிறேன்.)

க.

மா. எழுதியது:

தனி இழையாகத் தொடங்குங்கள் ஐயா. கையேடு இப்போதுதான் போயிற்று. அதில் எர்த் என்றிருக்கிறது.

மா.