விடுமுறை நாளில் நீரிழிவுக் கால் புண்: எங்கே காட்டுவது?

வணக்கம். 68 வயதான என் அம்மா 11 ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார். நேற்று முன்தினம் அவருடைய வலது குதிகாலில், செருப்பு உரசிய இடத்தில், ஒரு கொப்புளம் உடைந்திருப்பதைக் கண்டேன். அன்றே தொடர் பொது விடுமுறையும் தொடங்கிவிட்டது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் கிளினிக் இரண்டு நாள் கழித்தே திறக்கும். தொலைபேசியிலும் பதிவு செய்யப்பட்ட குரல்தான் ஒலிக்கிறது. மருந்துக்கடையில் கேட்டபோது, புண்ணைக் கழுவிச் சுத்தமான துணியால் கட்டச் சொன்ன மருந்தாளுநர், நீரிழிவு இருப்பதால் மருத்துவர் பார்க்காமல் களிம்பு எதுவும் தர இயலாது என்று கூறிவிட்டார்; அவர் சொன்னது சரிதான்.

நேற்றிரவு புண்ணைச் சுற்றியிருந்த சிவப்பின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு வைத்தேன். இன்று காலை அது கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை பரவியிருக்கிறது. காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸ். வெறும் வயிற்றில் சர்க்கரை 212. வலி அதிகமில்லை என்கிறார் அம்மா. ஆனால், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு வலி தெரியாமலேயே தொற்று ஆழமாக இறங்கக்கூடும் என்பதுதான் என் கவலை. அவசரப் பிரிவு உயிருக்குப் போராடுபவர்களுக்கானது என்று சொல்லி அவர் வரத் தயங்குகிறார்.

விடுமுறையிலும் திறந்திருக்கும் ஒரு சிறு கிளினிக்கில் காட்டினால் போதுமா, அல்லது இப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டுமா?