அலெக் கின்னஸின் நடை: மூவரின் அனுபவங்கள்

கண்டியிலிருந்து:

எனக்கு ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ் மீது பற்று ஏற்பட்ட இடம் திரையரங்கு அன்று, இலங்கையின் கித்துல்கல என்ற ஊர். பிள்ளைகள் களனி கங்கையில் படகுச் சவாரிக்குக் காத்திருந்த வேளையில், ஆற்றங்கரையில் எஞ்சியிருக்கும் கான்கிரீட் அடித்தளங்களை உள்ளூர்க்காரர் ஒருவர் காட்டினார். 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்காகக் கட்டி, ரயிலோடு சேர்த்துத் தகர்த்த பாலத்தின் மிச்சம் அது. அன்றிரவே விடுதியில் படத்தைப் பார்த்தேன். ஜப்பானியரின் போர்க்கைதியாகத் தகரக் கொட்டடியில் அடைபட்டுக் கிடந்த கர்னல் நிக்கல்சன் (கின்னஸ்), கால்கள் துவள, விறைப்பை மட்டும் விடாமல் மைதானத்தைக் கடக்கும் காட்சியை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். இளம்பிள்ளை வாதத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த தம் மகன் மேத்யூவின் நடையையே கின்னஸ் அந்தக் காட்சிக்கு எடுத்துக்கொண்டார் என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். அந்தப் படமே அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது.

லண்டனிலிருந்து:

என் மகனுக்கு அவர் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஓபி-வான். எனக்கோ ஜார்ஜ் ஸ்மைலி என்ற உளவாளி. 1979இல் பிபிசி ஏழு பகுதிகளாக ஒளிபரப்பிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடரைப் புதிதாகக் குடியேறிய நாட்களில் பார்த்தேன். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆயினும் கண்ணாடிக்குப் பின்னால் அசையாதிருக்கும் அந்தக் கண்களைக் கொண்டே கதையைப் பின்தொடர முடிந்தது. 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில் முகத்துக்கு மை பூசிக்கொண்டு இந்தியப் பேராசிரியர் கோட்போலேயாக வந்ததை மட்டும் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ஈப்போவிலிருந்து:

கண்டி நண்பர் குறிப்பிட்ட படத்தை நான் தாத்தாவோடு பார்த்தேன். ஜப்பானியர் காலத்தில் ரப்பர் தோட்டத்திலிருந்து படத்தில் வரும் பாலம் அமைந்த சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, உயிரோடு திரும்பியவர் அவர். மலாயாவிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள். படமோ பெரும்பாலும் வெள்ளைக்காரக் கைதிகளின் கதையாகவே நகர்கிறது. பாலத்தைக் கைதிகள் பெருமையோடு கட்டுவதைக் கண்டு தாத்தா இரண்டு முறை எழுந்துபோய் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். நிக்கல்சன் கொட்டடியிலிருந்து வெளியே வந்த காட்சியில் மட்டும் மெல்லுவதை நிறுத்தி, "இவன் நடக்கிறது சரிடா, எங்க ஆளுங்க அப்படித்தான் நடந்தாங்க" என்றார். அது ஒரு மகனிடமிருந்து எடுத்த நடை என்பது இன்று இங்கே படித்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. தாத்தாவிடம் சொல்ல இப்போது அவர் இல்லை.