ட்ரூபதூர் காதல் பாடல்கள்: அரபு மூலமா, லத்தீன் மூலமா?

யாப்புப்பிரியன்:
12ஆம் நூற்றாண்டில் தெற்கு பிரான்சின் ஆக்ஸிதான் மொழியில் ட்ரூபதூர் எனும் கவிஞர்கள் பாடிய அரசவைக் காதல் பாடல்களுக்கு ஸ்பெயினின் அரபுக் கவிதைதான் மூலம் என்கிறது ஒரு தரப்பு. தேவாலய லத்தீன் பாடல்கள் என்கிறது இன்னொன்று. யார் பக்கம் வலு? படிக்க எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

ஓலைச்சுவடி:
நமக்குப் பாடல் கிடைத்திருக்கும் முதல் ட்ரூபதூர், அக்விதேன் கோமகன் ஒன்பதாம் கியோம் (1071–1126). 1064இல் ஸ்பெயினில் முஸ்லிம்கள் வசமிருந்த பார்பாஸ்த்ரோ நகரைப் பிடித்த படையில் அவர் தந்தையும் இருந்தார். அங்கே சிறைபிடிக்கப்பட்டவர்களில் பாடகிகளும் உண்டு. அரபுத் தரப்பு இதைத்தான் முதலில் காட்டும். அடுத்து யாப்பு: அவருடைய பிரியாவிடைப் பாட்டில் ஒவ்வொரு சரணத்திலும் முதல் மூன்று அடிக்கு ஒரே இயைபு (அடி இறுதியின் ஒலி ஒப்பு), நாலாவது அடியின் இயைபு பாட்டு முழுக்க மாறாமல் வரும். அரபு ஸஜல் பாடலிலும் ஏறக்குறைய இதே அமைப்பு.

சிக்கல் என்னவென்றால், லிமோஜ் நகரின் செயின்ட் மார்ஷல் மடத்து லத்தீன் பாடல்களிலும் இதற்கு நெருங்கிய அமைப்புகள் உண்டு. அந்த ஊர் கியோமுக்குக் கூப்பிடு தூரம். ஆகவே இயைபை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் கணிப்பில் இசையும் யாப்பும் லத்தீன் பக்கம் சாய்கின்றன. காதலைப் பேசும் தோரணைக்கு அரபு வாடை இருந்திருக்கலாம்.

சரணம்:
ட்ரூபதூர் பெர்னார்த் த வெந்ததோர்னின் வானம்பாடிப் பாட்டில் தொடங்குங்கள். ஏழு சரணம், சரணத்துக்கு எட்டு அடி, அடிக்கு எட்டு அசை. இயைபு மொத்தம் நாலுதான்: -எர், -அய், -எ, -ஓன். முதல் சரணத்தில் வைத்த நாலையும் கடைசிவரை இழுக்க வேண்டும், அதாவது ‘எர்’ என்று முடிய மட்டும் 14 அடி. முடிவில் நாலடி முத்தாய்ப்பு ஒன்று, பின்பாதி இயைபிலேயே. அதில் ‘த்ரிஸ்தான்’ என்று ஒருவரை விளிக்கிறார், அது மறைபெயர்.

மொழிபெயர்ப்பில் மட்டும் படித்தால் இதெல்லாம் போய்விடும், ஒரே புலம்பலாகத் தெரியும். மூலத்தைப் பக்கத்தில் வைத்து அடி இறுதியை மட்டுமாவது வாய்விட்டுப் படியுங்கள். சரணங்களின் வரிசை ஏட்டுக்கு ஏடு மாறும்; இரண்டு பதிப்பு ஒத்துப்போகவில்லை என்றால் குழம்ப வேண்டாம்.

யாப்புப்பிரியன்:
நன்றி. இவை பெரும்பாலும் அடுத்தவன் மனைவியைப் பாடும் பாட்டுகளாமே, அந்தக் கணவன் சும்மாவா இருந்தான்?

ஓலைச்சுவடி:
மறைபெயர் அதற்கும்தான். தவிர, பாட்டின் மொழியே காதலைவிட விசுவாசப் பிரமாணத்துக்கு நெருக்கம்: பிரபு முன் குடிபடை வீரன் கைகூப்பி மண்டியிடுவதுபோல் இவன் அவள் முன் நிற்கிறான். கோட்டைத் தலைவியைப் புகழ்வது கோட்டைக்கும் புகழ், பாடகனுக்கும் பிழைப்பு. காதலைக் காட்டிக்கொடுக்கும் கோள்சொல்லிகளைத் திட்டாத பாட்டைத்தான் தேட வேண்டும்.

ஏடுகளில் உள்ள கவிஞர் ‘வரலாறு’களை மட்டும் நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டில், பாட்டிலிருந்தே கதை கட்டி எழுதியவை. ஜோஃப்ரே ருதேல் பார்க்காமலே காதலித்த திரிப்போலி சீமாட்டியின் மடியில் உயிர்விட்டார் என்பது அந்த ரகம்.

சரணம்:
கேட்டுப் பார்க்க விரும்பினால்: சுமார் 2,500 பாடல்களில் பத்தில் ஒன்றுக்குத்தான் மெட்டு மிஞ்சியிருக்கிறது. பெண் கவிஞர்களில் தியா சீமாட்டியின் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும். ஏட்டில் சுரம் உண்டு, தாளம் பெரும்பாலும் இல்லை. அதனால் ஒலிப்பதிவுக்கு ஒலிப்பதிவு நடை வேறாக இருக்கும்.