பட்டுச் சால்வையில் டயமன் கட்டம் நீண்டு விழுவது ஏன்?

மருதமுனை, நெசவாளி மகள்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வாப்பாவின் தறியில் பருத்திச் சாறன் நெய்து பழகிய எனக்கு, முதன்முறையாகப் பெண்களுக்கான பட்டுச் சால்வை நான்கு நெய்து தரும்படி ஓடர் கிடைத்திருக்கிறது. 30/2 எண்ணுள்ள (இரண்டு இழை சேர்த்து முறுக்கிய), பஞ்சாக நூற்றுச் சாயமிட்ட பட்டுநூல் வாங்கினேன். இழைகளை ஏற்றியிறக்கும் நான்கு சட்டத்தில் 22 இழைக்கு ஒரு டயமன் விழும்படி விழுது (இழை நுழையும் கண்ணி) கோத்து, 837 இழைப் பாவைச் (நீளவாட்டு இழைகளை) சாறனுக்கு வைத்திருக்கும் அச்சிலேயே (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு), அதாவது அங்குலத்துக்கு 28 கண், கண்ணுக்கு 2 இழை என்ற கணக்கில் ஏற்றினேன். நெய்த ஒரு முழத்தைப் பார்த்தால் டயமன் 10 மில்லிமீற்றர் அகலமும் 17 மில்லிமீற்றர் நீளமுமாக இழுபட்டு நிற்கிறது. துணியும் மட்டையைப் போல விறைக்கிறது. அச்சுப் பலகையை ஓங்கி அடித்தால் ஊடை (குறுக்கு இழை) நெருங்குவதற்குப் பதிலாகப் பாவு இழை அறுகிறது. பட்டின் பசை போகவில்லை, சவர்க்காரம் போட்டு அவிக்க வேண்டும் என்று அயலில் ஒரு ராத்தா சொல்கிறார். அவித்தால் சரியாகுமா?

ஆரையம்பதி, பழைய தறிக்காரன்:

தங்கச்சி, அவிக்க வேண்டாம். கூட்டிலிருந்து நேரே இழுத்த பச்சைப்பட்டில்தான் எடையில் ஏறக்குறைய கால்வாசி பசையாக இருக்கும். பஞ்சாக நூற்றுச் சாயமும் ஏறிய நூலில் அது பெரும்பாலும் முன்பே போயிருக்கும். இப்போது அவித்தால் சாயந்தான் கரையும்.

குற்றம் அச்சில் இருக்கிறது. ஓர் அடிமட்டத்தில் உங்கள் நூலை இடைவெளியில்லாமலும் இறுக்காமலும் ஓர் அங்குலத்துக்குச் சுற்றி எண்ணிப் பாருங்கள். 30/2 பட்டு ஏறக்குறைய 60 சுற்று வரும். சாதா நெசவுக்கு அதில் பாதி, உங்களுடையதைப் போன்ற டுவில் (சாய்கோடாக விழும் நெசவு) வகைக்கு மூன்றில் இரண்டு பங்கு என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் அங்குலத்துக்கு 40 இழை போதும், நீங்களோ 56 திணித்திருக்கிறீர்கள். பாவு அவ்வளவு நெருக்கமாக நிற்கும்போது ஊடை உள்ளே இறங்க இடமில்லை. உங்கள் அளவைப் பார்த்தால் 22 ஊடை இழை 17 மில்லிமீற்றருக்குப் பரவியிருக்கிறது, அதாவது அங்குலத்துக்கு 33 அளவில்தான் விழுந்திருக்கிறது. டயமன் நீண்டதும், துணி விறைத்ததும், இழை அறுந்ததும் ஒரே காரணத்தால்தான். 20 கண் அச்சுக்கு மாற்றி, கண்ணுக்கு 2 இழை விட்டு, ஊடையையும் அங்குலத்துக்கு 40 என்று எண்ணி அடித்தால் 14 மில்லிமீற்றர் சதுரத்தில் கட்டம் நிற்கும். விழுதைத் தொட வேண்டியதில்லை.

கல்முனை, ஊடை:

அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் அச்சை மட்டும் மாற்றினால் இன்னொரு வில்லங்கம் வரும். 15 அங்குல அகலத்தில் சுற்றிய பாவு, அச்சில் 21 அங்குலத்துக்கு விரிய வேண்டியிருப்பதால் கரை இழைகள் சரிவாக இழுபட்டு, கண்ணின் ஓரத்தில் உரசி மயிர் கிளம்பும். பருத்தி அதைத் தாங்கும், பட்டு தாங்காது. ஆகையால் பாவு முழுவதையும் முன்பக்கமாக இழுத்தெடுத்து, புதிய அகலத்தில் திரும்பச் சுற்றுங்கள். ஒரு நாள் வேலைதான், அதைத் தவிர்க்கப் பார்த்தால் ஒரு கிழமை இழை முடிய நேரிடும் (பட்ட அனுபவம்).

இப்போது கச்சான் வேறு வீசுகிறது. அந்த வறட்டுக் காற்றில் பட்டிழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் மிதியை மிதித்தாலும் பாவு தெளிவாகத் திறக்காது, ஊடையைக் கொண்டு ஓடும் நாடா இழையைக் குத்திக்கொண்டு போகும். நான் தறிக்கு அடியில் நனைத்த சாக்கை விரித்துவிட்டு, விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் நிறுத்திவிடுவேன்.

மருதமுனை, நெசவாளி மகள்:

சுற்றிப் பார்த்தேன், 61 வந்தது. பாவைத் திரும்பச் சுற்றி, 20 கண் அச்சில் ஆறு அங்குலம் நெய்தேன். துணி கைக்குள் குழைகிறது, இழையும் அறவில்லை. ஆனால் தறியில் அளக்கும்போது டயமனின் நீளம் இன்னும் 15 மில்லிமீற்றர் காட்டுகிறது. இன்னும் கொஞ்சம் நெருக்கி அடிக்கலாமா?

ஆரையம்பதி, பழைய தறிக்காரன்:

நெருக்காதீர்கள். தறியில் பாவு இழுவிசையில் நீண்டு நிற்கிறது. அதைத் தளர்த்திவிட்டு அளந்தால் அந்த ஒரு மில்லிமீற்றர் பெரும்பாலும் மறைந்துவிடும். அந்த ஆறு அங்குலத்தை வெட்டியெடுத்து, இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, ஈரம் முழுவதும் காயுமுன் ஸ்திரிக்கை போட்டு, பிறகு இரண்டு பக்கமும் அளந்து கொள்ளுங்கள். கடலோரக் கிணற்றின் உவர் நீரில் அலசினால் சவர்க்காரம் திரைந்து பட்டின் பளபளப்பு மங்கும், மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதையே எடுங்கள்.

வெட்டிய இடத்தில் பாவைத் திரும்ப முடிந்து கட்ட ஒரு சாண் நூல் வீணாகும். நான்கு சால்வைக்குப் பாவு காணுமா என்று வெட்டுவதற்கு முன்பே அளந்து பாருங்கள்.