பள்ளியில் மதிய இன்சுலின்: கணக்கைப் பிள்ளையிடமே விடலாமா?

கேள்வி:
மகளுக்கு 8 வயது, டைப் 1 சர்க்கரை நோய். காலையும் இரவும் நான் பார்த்துக்கொள்கிறேன், சிக்கல் மதியம்தான். வகுப்பு டீச்சர் நல்லவர், ஆனால் "ஊசியெல்லாம் எங்களால் முடியாது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?" என்கிறார். வேலையை விட்டுவிட்டு தினமும் நான் போய் நிற்க வழியில்லை. பேனா ஊசியை அவளே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள், அழுவதுகூட இல்லை. அதற்காக எத்தனை யூனிட் இன்சுலின் என்ற கணக்கையும் அவளிடமே விட்டுவிடலாமா?

பதில் (டைப் 1 பையனின் அப்பா):
விடாதீர்கள். ஊசி போடத் தெரிவது வேறு, எவ்வளவு என்று முடிவெடுப்பது வேறு. கணக்கு வீட்டிலிருந்தே போகட்டும். நாங்கள் சாப்பாட்டு டப்பா மூடியில் சீட்டு ஒட்டிவிடுவோம்: இன்று இத்தனை கிராம் மாவுச்சத்து, சுகர் இவ்வளவு இருந்தால் இத்தனை யூனிட். டீச்சர் ஊசியைத் தொடவே வேண்டாம், பேனாவில் திருப்பி வைத்த எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துத் தலையாட்டினால் போதும். இப்படிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

அப்புறம், முதலில் 2 யூனிட் வெளியே தள்ளி முனையில் துளி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போட்ட பிறகு பட்டனை அழுத்தியபடியே பத்து வரை எண்ண வேண்டும், விளையாடப் போகிற அவசரத்தில் பிள்ளைகள் சட்டென்று உருவிவிடுவார்கள், மருந்து தோலில் வழிந்துபோகும். சுகர் பார்க்கும் முன் கை கழுவுவதும் முக்கியம். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் மீட்டர் கன்னாபின்னாவென்று ஏற்றிக் காட்டும், அதை நம்பிக் கூடுதலாகப் போட்டால் வம்பு.

பதில் (ஆசிரியை):
எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். எங்களுக்குப் பயம் ஊசி இல்லை, பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்பதுதான். தடியான ஃபைலைக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டோம், அதுதான் உண்மை. ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். சுகர் 70க்குக் கீழே போனால் குளுக்கோஸ் (பொதுவாக 15 கிராம், சின்னப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவாக இருக்கலாம், டாக்டரிடம் அளவு கேட்டு எழுதுங்கள்), 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, ஏறவில்லை என்றால் திரும்பவும் குளுக்கோஸ். சாக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். டாக்டர் குளுகாகான் (சுகர் ரொம்ப இறங்கிவிட்டால் ஏற்றுகிற அவசர மருந்து) எழுதிக் கொடுத்திருந்தால் அது எங்கே இருக்கிறது, யார் போடுவது என்பதும் அதே பக்கத்தில் வரட்டும்.

உங்கள் பெண்ணுக்குச் சுகர் இறங்கினால் எப்படித் தெரியும் என்றும் எழுதுங்கள். என் வகுப்பில் ஒரு பையனுக்கு நடுக்கம், வியர்வை எதுவும் வராது, காரணமே இல்லாமல் சண்டைக்கு வருவான், கையெழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கும். அவன் அம்மா முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் நான் அவனைத் திட்டியிருப்பேன். இன்னொன்று, சுகர் இறங்கிய பிள்ளையைத் தனியாக எங்கேயும் அனுப்பக் கூடாது, சிக் ரூமுக்குக்கூட.

கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் நன்றி, சீட்டு யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் இவள் பாதி சாப்பிட்டதும் விளையாட ஓடிவிடுகிறாள், ஊசியோ சாப்பாட்டுக்கு முன்பே போட்டாயிற்று. அதற்கு என்ன செய்வது?

பதில் (சிறுவயது முதல் டைப் 1):
மீதிக்கு ஈடாக ஜூஸ் மாதிரி ஏதாவது பையில் இருக்கட்டும், மிச்சம் வைத்தால் டீச்சரிடம் சொல்லிவிட்டு அதைக் குடித்த பிறகுதான் விளையாட்டு. இது அடிக்கடி நடந்தால், சாப்பிட்டு முடித்த கையோடு போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், சாப்பாட்டில் நிலையில்லாத பிள்ளைகளுக்குச் சில டாக்டர்கள் அப்படிச் சொல்வதுண்டு. நிறைய ஓடியாடிய நாளில் இரவில்கூடச் சுகர் இறங்கலாம், அதனால் விளையாட்டுப் பீரியட் என்றைக்கு என்று தெரிந்துவைத்துக்கொண்டு அன்று படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

ஊசி போட டாய்லெட்டுக்கு மட்டும் அனுப்பவிடாதீர்கள். அழுக்கு ஒரு பக்கம், ஒளிந்து செய்கிற காரியம் என்று மனதில் பதிந்துவிட்டால் கொஞ்சம் வளர்ந்ததும் போடாமலேயே போட்டதாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். வகுப்பின் ஒரு மூலையே போதும், பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு நாள் வேடிக்கை பார்ப்பார்கள், அப்புறம் அவரவர் டப்பாவைத் திறந்துவிடுவார்கள்.