மண்டபத்தில் மீன் கம்பெனிக் கணினி: ஆர்சிங்க்கில் கோட் 23, டிடியில் இன்புட்/அவுட்புட் எரர்

மண்டபத்துத் தம்பி:
வணக்கம். அப்பாவின் மீன் கம்பெனியில் டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) போட்ட பழைய கணினி ஒன்று இருக்கிறது. சம்மாட்டிகளுக்கு (படகு முதலாளிகளுக்கு) கொடுத்த முன்பணம், எந்தப் படகு எத்தனை கிலோ இறால், நண்டு, கணவாய் இறக்கியது என்று ஆறு வருடக் கணக்கு முழுக்க அதன் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கிறது. படகு ஓடும் நாளில் அதை நிறுத்தவே முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், கடலுக்கு விசைப்படகு போகாது என்பதால் இப்போதுதான் நேரம் கிடைத்தது.

முதலில் 1 டிபி வெளி டிஸ்க்குக்கு, ஃபைல்களைக் காப்பி எடுக்கும் ஆர்சிங்க் ஓட்டினேன். "சௌன் ஃபெயில்ட், ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்று, அதாவது ஃபைலின் உரிமையாளரை மாற்ற முடியவில்லை என்று, வரிவரியாகக் கொட்டிவிட்டுக் கடைசியில் வேலை அரைகுறை என்று சொல்லும் கோட் 23இல் நின்றது. சூடோ போட்டு நிர்வாகி உரிமையில் ஓட்டியும் அதேதான். அப்புறம் கணினியை லைவ் யூஎஸ்பியில் ஏற்றி, டிஸ்க்கை அப்படியே முழுசாகக் காப்பி எடுக்கும் டிடி போட்டேன். மூன்று முறையும் இன்புட்/அவுட்புட் எரர், இரண்டு முறை 211 ஜிபியில், ஒரு முறை 38லேயே. எரர் வந்தாலும் நிற்காமல் போகச் சொல்லும் நோஎரர் போட்டு மறுபடி ஓட்டலாமா?

பாம்பன்காரன்:
தம்பி, வேண்டாம். டிடியை இனி தொடாதே. நோஎரர் மட்டும் போட்டு, விடுபட்ட இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும் சிங்க் போடாமல் விட்டால் படிக்க முடியாத இடம் காப்பியில் விடுபட்டு, அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் நகர்ந்துவிடும், ஃபைல் சிஸ்டமே குலைந்துபோகும். சிங்க்கும் சேர்த்துப் போட்டு பிளாக் அளவு (ஒரே தடவையில் படிக்கும் அளவு) பெரிதாக இருந்தால் ஒரு செக்டார் (டிஸ்க்கின் சிறு துண்டு) கெட்டதற்கு அந்த பிளாக்கில் நல்லதாக இருந்ததும் சேர்ந்து பூஜ்யமாகிவிடும்.

உனக்கு வந்தது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. வெளி டிஸ்க் கடையில் வாங்கினபடியே எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் இருக்கிறதல்லவா? அதில் ஒரு ஃபைல் யாருடையது, என்ன பெர்மிஷன் என்று எழுதி வைக்க இடமே கிடையாது, அதனால் ரூட்டாக (நிர்வாகியாக) இருந்தாலும் உரிமையாளரை மாற்றும் சௌன் நடக்காது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்தால் அது தீர்ந்தது. 211இல் திரும்பத் திரும்ப நிற்பதுதான் பயப்பட வேண்டியது, அது டிஸ்க் சாகிறது.

கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து மீட்டெடுக்கும் டிடிரெஸ்க்யூ போடு. டெபியனில் பேக்கேஜ் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, முன்னால் ஒரு ஜி உண்டு. அது நல்ல இடத்தை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில்தான் வரும். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப்ஃபைலுக்குப் பெயர் கொடுக்க மறக்காதே, அதை வேறொரு பென் டிரைவில் வை. நம் பக்கம் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளையில் முதல் சுற்றுக்கு சிறிய என் (கெட்ட இடத்தைச் சுரண்டாமல் விடும்), அது முடிந்ததும் அதே மேப்ஃபைலோடு சிறிய டி (டிஸ்க்கை நேரடியாகப் படிக்கும்), ஆர்3 (கெட்ட இடத்தை மூன்று தரம் மறுபடி முயலும்). காப்பி போகும் புது டிஸ்க் பழையதைவிட ஒரு செக்டார்கூடச் சிறியதாக இருக்கக் கூடாது, 500 என்று போட்ட எல்லாமும் ஒரே அளவு இல்லை.

தொண்டி அக்கா:
38இல் ஒரு தரம் நின்றது எனக்கு வேறு மாதிரி தெரிகிறது தம்பி. ஓட்டுவதற்கு முன்னால் டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் ஸ்மார்ட்சிடிஎல்லில் 197, 199 என்ற எண் வரிகள் இரண்டையும் பார். 197 படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார், அது டிஸ்க்கின் நோய். 199 சிஆர்சி, டேட்டா வரும் வழியில் கெட்ட எண்ணிக்கை, அது பெரும்பாலும் கேபிள். எங்கள் கடையில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது முனையில் பச்சையாகப் பூத்திருந்தது, உப்புக் காற்றுக்குத் தப்பியது எதுவும் இல்லை. 199 தானாகக் குறையாது, அதனால் கேபிள் மாற்றின பிறகு ஏறுகிறதா என்று மட்டும் பார்.

கீழக்கரை:
கணக்கு மரியாடிபி டேட்டாபேஸில் இருந்தால் அது ஓடும்போது ஃபோல்டரை ஆர்சிங்க்கில் எடுத்து நம்பிவிடாதீர்கள். பாதி எழுதிய டேபிள் வரும். சர்வீஸை நிறுத்திவிட்டு எடுங்கள், இல்லையென்றால் டேட்டாபேஸையே ஃபைலாக எழுதி எடுக்கும் டம்ப் போடுங்கள்.

மண்டபத்துத் தம்பி:
அண்ணே, அக்கா, நன்றி. 197இல் 16 இருந்தது, 199இல் 400க்கு மேல். கேபிள் மாற்றின பிறகு 199 அப்படியே நிற்கிறது, ஆனால் 211இல் தடுமாற்றம் போகவில்லை. டிடிரெஸ்க்யூ ஒன்பது மணி நேரம் ஓடியது, நடுவில் இரண்டு தரம் கரண்ட் போயும் தொடர்ந்தது. மிச்சம் படிக்க முடியாமல் போனது 8 கேபி மட்டும். பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, காப்பியில் மட்டும் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்செக் போட்டேன். கணக்கு திறந்தது. 2021 சித்திரையில் அப்பா கடைசியாகப் போட்ட வரவுகூட இருக்கிறது.

பாம்பன்காரன்:
கழற்றினது நல்லது தம்பி. இரண்டுக்கும் ஒரே யூயூஐடி (அடையாள எண்), சேர்த்து மாட்டி பூட் செய்தால் எதிலிருந்து ஏறுகிறது என்றே தெரியாது. அந்த 8 கேபி எந்த ஃபைல் என்று டிபக்எஃப்எஸ் கருவியில், பிளாக் எண்ணிலிருந்து ஃபைல் பெயரைக் கண்டுபிடிக்கும் ஐசெக், என்செக் போட்டுப் பார். பில் ஸ்கேனாக இருந்தால் காகிதம் இருக்கும்போதே மறுபடி எடுத்துவிடலாம். இன்றைக்கே ஈஎக்ஸ்டி4 வெளி டிஸ்க்குக்கு ஆர்சிங்க் ஒரு தரம் ஓட்டு, உரிமையாளர், பெர்மிஷன் எல்லாம் அப்படியே வர சிறிய ஏ, பெரிய ஏ, பெரிய எக்ஸ், பெரிய ஹெச், கூடவே சிறிய எக்ஸ்ஸும். சிறிய எக்ஸ் இருந்தால் வேறு ஃபைல் சிஸ்டத்துக்குள் போகாது, லினக்ஸ் ஓடும்போது தானே உருவாக்கும் ப்ராக், சிஸ் ஃபோல்டர் எல்லாம் உள்ளே வராது.